குதிரைமுக இளவரசிக்குக் கொடுத்த மருந்து

சிறுவர் நாடகம் எழுதுகிறவர்களுக்கு ஒரு பாத்திரத்தின் முன்கதை பிடிபடாமல் போனால், கைக்கு முதலில் வருவது மறதி மருந்துதான். இளவரசனுக்குத் தன் நாடு ஏன் தெரியவில்லை? சூனியக்காரி மருந்து கொடுத்துவிட்டாள். காட்டில் வளர்ந்த பெண்ணுக்குத் தாயை ஏன் அடையாளம் தெரியவில்லை? அங்கும் மருந்து. கடைசிக் காட்சியில் மருந்து தெளியும், எல்லோரும் கட்டிப்பிடித்து அழுவார்கள், திரை விழும். யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூடங்களில் நாடகமும் அரங்கியலும் படிப்பித்து, தமிழ்த்தினப் போட்டிக்குப் பிள்ளைகளைப் பழக்கி, மற்றவர்கள் எழுதிய பிரதிகளைத் திருத்திக் கொடுத்து வந்த காலம் முழுவதும் இந்த மருந்தைக் கண்டு வந்திருக்கிறேன். நானும் ஒரு நாடகத்தில் அதைப் பயன்படுத்தினேன். அது எப்போது கதையைத் தூக்கி நிறுத்தும், எப்போது கதையைக் கெடுக்கும் என்பதை அந்த நாடகத்தை வைத்தே சொல்லப் பார்க்கிறேன்.

எங்கள் பக்கத்தில் சிறுவர் அரங்குக்கு ஒரு நல்ல வழி ஏற்கெனவே போடப்பட்டிருந்தது. 1978இல் தொடங்கிய நாடக அரங்கக் கல்லூரியும், குழந்தை ம. சண்முகலிங்கம் எழுதிய 'கூடி விளையாடு பாப்பா' போன்ற நாடகங்களும் அதைப் போட்டன. பிள்ளைகளைப் பெரியவர்கள் போல வசனம் பேச வைக்காமல் பாடவும் ஆடவும் விளையாடவும் விடுவது, காட்சிச் சீலைகளுக்குப் பதிலாக உரைஞர் குழுவே மரமாகவும் கடலாகவும் நிற்பது, இவையெல்லாம் அங்கிருந்து எனக்குக் கிடைத்தவை. அந்த முறையில் நாட்டார் கதை ஒன்றைச் செய்யவேண்டும் என்று தேடியபோது, தேடவேண்டிய தேவையே இல்லாமல் வீட்டு வாசலில் கிடந்தது மாவிட்டபுரத்துக் கதை.

யாழ்ப்பாணத்தில் பிறந்தவர்களுக்கு அது தெரிந்த கதைதான். சோழ இளவரசி மாருதப்புரவீகவல்லிக்குக் குதிரை முகம். போதாததற்குக் குன்ம நோயும் உண்டு. தீர்த்தம் தீர்த்தமாக அலைந்தும் தீரவில்லை. கடைசியில் கீரிமலைக்கு வந்து கடலோரத்து நன்னீர் ஊற்றில் நீராடுகிறாள். நோயும் போகிறது, குதிரை முகமும் மாறுகிறது. நன்றிக்கடனாக மாவிட்டபுரத்தில் கந்தசுவாமி கோயிலைக் கட்டுவிக்கிறாள். மயில்வாகனப் புலவர் ஒல்லாந்தர் காலத்தில் எழுதிய யாழ்ப்பாண வைபவமாலையிலும் இந்த இளவரசி வருகிறாள். பிறகு சிங்க முகங்கொண்ட உக்கிரசிங்கன் அவளைத் தூக்கிச் சென்று மணம் முடிக்கிறான். நாங்கள் நீராட்டோடு நிறுத்திக்கொண்டோம். சிங்கமுகக்காரனின் கதை வேறு நாடகம்.

சமாதானப் பேச்சு நடந்துகொண்டிருந்த காலம் அது. மல்லாகம் பக்கத்து நலன்புரி முகாம் ஒன்றில் இருந்த பிள்ளைகளோடு ஒத்திகை தொடங்கினோம். பெரும்பாலான பிள்ளைகளின் குடும்பங்கள் 1990 ஆனியில் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்தவை. கீரிமலையும் மாவிட்டபுரமும் அந்தப் பிள்ளைகளின் சொந்த ஊர்கள். ஆனால் முகாமில் பிறந்த பிள்ளை அந்த ஊரைக் கண்ணால் கண்டதில்லை. அதுவரை நாங்கள் கதையைக் கதையாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். முதல் வாசிப்பிலேயே ஒரு பெண்பிள்ளை கேட்டாள்:

"ரீச்சர், தனக்குக் குதிரை முகம் எண்டு அவவுக்குத் தெரியுமோ?"

தலபுராணத்தில் அதற்குப் பதில் இல்லை. முகம் எப்படி வந்தது என்று கேட்டால் முற்பிறவி வினை என்பார்கள். அவளுக்குத் தெரியுமா என்று ஒருவரும் கேட்பதில்லை. தெரியும் என்றால் நாடகம் முழுவதும் அவள் அழுதுகொண்டே இருக்கவேண்டும். தெரியாது என்றால் ஏன் தெரியாது என்று சொல்லவேண்டும். பிரதி எழுத எனக்குத் துணையாக இருந்த இளம் ஆசிரியர் உடனே வழி சொன்னார்: "அரண்மனையில கண்ணாடி இல்லை. குளத்துத் தண்ணியில முகத்தைப் பார்த்து அழுதால் செவிலித்தாய் ஒரு மருந்து குடுப்பா. குடிச்சால் கண்டது மறந்துபோம்."

எனக்கு அது பிடித்துக்கொண்டது. அடுத்த கணமே பயமும் வந்தது. அந்தப் பயத்தின் காரணத்தைச் சொல்லவேண்டும்.

மறதியைக் கதைக்குள் கொண்டுவந்து வைத்தவர்களில் நம் எல்லோருக்கும் தெரிந்தவர் காளிதாசர். மகாபாரதத்தின் ஆதிபருவத்தில் வரும் துஷ்யந்தன் சகுந்தலையை மறப்பதே இல்லை. சபையில் அவள் மகனோடு வந்து நிற்கும்போது அவனுக்கு எல்லாம் நினைவிருக்கிறது. ஊர் என்ன சொல்லுமோ என்று தெரிந்தே மறுக்கிறான். அசரீரி சாட்சி சொன்ன பிறகுதான் ஏற்கிறான். அவளும் சும்மா நிற்கவில்லை, அவனோடு நேருக்கு நேர் வாதாடுகிறாள். காளிதாசர் அதில் துருவாசரின் சாபத்தையும் ஒரு மோதிரத்தையும் சேர்த்தார். சாபத்தால் மறந்தான், மோதிரத்தைக் கண்டதும் நினைவு வந்தது. நாடகமாக அது பெரும் ஆதாயம். மீனவன் வருகிறான், மோதிரம் வருகிறது, அரசன் பிரிவால் வாடுகிறான். ஆனால் அரசனின் குற்றம் போய்விட்டது. பழி வாசலில் நின்ற முனிவருக்கும், அவர் வந்ததைக் கவனியாமல் காதலனை நினைத்துக்கொண்டிருந்த பெண்ணுக்கும் போனது. ஒரு பாத்திரத்துக்கு மறதியைக் கொடுக்கும்போது கணக்கில் யாருடைய பழி கழிகிறது, யாருடைய தலையில் ஏறுகிறது என்று பார்க்கும் பழக்கம் எனக்குச் சகுந்தலையிடமிருந்து வந்தது.

ஜெர்மானியக் கதையிலும் இதே கணக்குத்தான். வாக்னரின் இசைநாடகத்தில் சீக்ஃப்ரீட் ஒரு பானத்தைக் குடித்ததும் புருன்ஹில்டை மறந்து இன்னொருத்தியைக் கேட்கிறான். கோப்பையை நீட்டுவது குட்ரூன் என்ற பெண். திட்டம் போட்டவன் ஹாகன். பின்னால் நினைவைத் திருப்பித் தரும் பானத்தையும் அதே ஹாகன்தான் கொடுக்கிறான். நினைவு வந்து உண்மையைச் சொன்னதும், அதையே சாட்டாக வைத்து அவன் முதுகில் ஈட்டியைப் பாய்ச்சுகிறான். மறதியையும் நினைவையும் ஒரே கை தனக்கு வசதியான நேரத்தில் பரிமாறுகிறது. 1876இல் பைரொய்ற்றில் மேடையேறிய அந்த நாடகத்தை நான் நேரில் கண்டதில்லை. ஆனாலும் மருந்துக் கதை எழுத வருகிற மாணவருக்கு அந்த ஹாகனைத்தான் முதலில் சொல்வேன். மருந்தைவிட மருந்துக்காரன்தான் முக்கியம்.

எங்கள் செவிலித்தாய்க்கு வருவோம். அவள் கெட்டவள் இல்லை. பிள்ளை அழுவதைப் பார்க்கச் சகிக்காமல் கொடுக்கிறாள். மறதி மருந்துக் கதைகளில் சூனியக்காரி கொடுக்கும் மருந்தைவிட அன்புக்காரி கொடுக்கும் மருந்து எப்போதும் கனமானது. சூனியக்காரி என்றால் பிள்ளைகள் ஊளையிட்டுத் தீர்த்துவிடுவார்கள். அன்புக்காரி என்றால் யோசிப்பார்கள். ஆனால் அதோடு நிறுத்தினால் எல்லாம் அன்பால் நடந்தது என்று முடிந்துவிடும். யாருக்கு லாபம் என்று கேட்டுப் பார்த்தோம். பிள்ளை அழாவிட்டால் அரண்மனை அமைதியாக இருக்கும். அரசன் தன் மகளைப் பற்றி எவருக்கும் பதில் சொல்லவேண்டியதில்லை. எனவே செம்பை நீட்டுவது செவிலியின் கை, மருந்தை அரைக்கச் சொன்னது தகப்பனின் வாய் என்று எழுதினோம். அரசன் ஒருமுறைகூடச் செம்பைத் தொடுவதில்லை. காட்சி முடியும் ஒவ்வொரு தடவையும், "பிள்ளை நித்திரையோ?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போவான். அந்த ஒரு வரி போதுமாக இருந்தது.

அடுத்தது விலை. விலை இல்லாத மந்திரத்தைப் பிள்ளைகள் நம்பமாட்டார்கள், பெரியவர்கள்தான் நம்புவார்கள். இங்கே கதையே எங்களுக்கு உதவி செய்தது. இளவரசிக்கு இரண்டு துன்பங்கள் என்று தலபுராணம் சொல்கிறதே, குதிரை முகம் ஒன்று, குன்மம் மற்றது. இரண்டும் ஏன் சேர்ந்து வந்தன என்பது எனக்கு எப்போதும் உறுத்திக்கொண்டிருந்தது. நாடகத்தில் முகம் பிறவியோடு வந்தது, குன்மம் மருந்தோடு வந்தது என்று வைத்தோம். ஒவ்வொரு முறை மறக்கும்போதும் மறந்தது வயிற்றுக்குள் போய் முடிச்சாகிறது. அவளுக்குத் துக்கம் தெரியாது, வயிற்று வலி மட்டும் தெரியும். பரியாரியார்கள் வரிசையாக வந்து வயிற்றைப் பார்க்கிறார்கள். ஒருவரும் முகத்தைப் பார்க்கத் துணிவதில்லை.

இது வெறும் கற்பனைக் கணக்கு அல்ல. போருக்குள் வாழ்ந்த யாழ்ப்பாணத்தில் மனநல வைத்தியராகவும் பேராசிரியராகவும் பணியாற்றிய தயா சோமசுந்தரம், சொல்லமுடியாத துயரம் தலையிடியாகவும் நெஞ்சு நோவாகவும் உடம்பெரிவாகவும் ஆஸ்பத்திரிக்கு வருவதைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். 'மனவடு' என்ற தமிழ் நூலை எங்கள் தலைமுறை ஆசிரியர்கள் பலர் கைநூல் போல வைத்திருந்தோம். சண்முகலிங்கத்தின் 'அன்னை இட்ட தீ'யும் போரில் உளம் நொந்தவர்களைப் பற்றிய நாடகம்தான். வாய் மறந்ததை உடம்பு வைத்திருக்கும் என்பது எங்கள் ஊரில் எவருக்கும் விளக்கவேண்டிய விஷயமல்ல.

அதனால் மருந்து எதை அழிக்கும், எதை அழிக்காது என்று ஒத்திகையிலேயே வரையறுத்துக்கொண்டோம். மறப்பது ஒன்றே ஒன்று, தன் முகம். பெயர், பாட்டு, பின்னல் பின்னுவது, குதிரை ஏறுவது எல்லாம் அப்படியே இருக்கும். எல்லாவற்றையும் மறந்த பாத்திரத்தை நடிக்கப் பிள்ளைக்கு ஒன்றும் இருக்காது, மேடையில் பேந்தப் பேந்த முழிக்கத்தான் முடியும். உண்மையான நினைவிழப்பும் அப்படி முழுதாக இருப்பதில்லை. 1953இல் அமெரிக்காவில் வலிப்புக்காக மூளையில் சத்திரசிகிச்சை செய்யப்பட்ட ஹென்றி மொலைசன் என்பவரால் அதற்குப் பிறகு புதிதாக எதையும் நினைவில் வைத்திருக்க முடியவில்லை. ஆனால் கண்ணாடியில் பார்த்துக் கோடு வரையும் பயிற்சியைக் கொடுத்தபோது நாளுக்கு நாள் கை தேறியது. ஒவ்வொரு நாளும் தான் இதை முதல்முறை செய்வதாகத்தான் அவர் நினைத்தார். கை கற்றுக்கொண்டது, ஆள் அறியவில்லை. எங்கள் இளவரசியும் அப்படியே. ஏன் என்று அறியாமல் தண்ணீரைக் கண்டால் ஒதுங்கி நடப்பாள். செம்பைக் கண்டால் கை வயிற்றுக்குப் போகும். நடித்த பிள்ளைக்கு இந்த இரண்டு அசைவுகளையும் கொடுத்த பிறகு வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

மருந்து எதனால் ஆனது என்று இளம் ஆசிரியரின் முதல் பிரதியில் இருந்தது. ஊமத்தம் விதை என்று எழுதியிருந்தார். வேலியோரமெல்லாம் நிற்கிற செடி. அதிலுள்ள அத்ரோபீனும் ஸ்கோபோலமீனும் உண்மையிலேயே புத்தியைத் தடுமாற வைக்கும், அளவு தப்பினால் உயிரையும் எடுக்கும். சிறுபிள்ளைகள் முன்னால் நச்சுச் செடி எதன் பெயரையும் மருந்தாகச் சொல்லக்கூடாது என்பது என் கண்டிப்பான விதி. மேடையில் கண்டதை வீட்டில் செய்து பார்ப்பதுதான் பிள்ளைகளின் வேலை. மருந்தின் பெயரை எடுத்துவிட்டோம். செம்பும் வெறுஞ்செம்புதான். உரைஞர் குழு மருந்து அரைக்கும்போது உரலின் சத்தத்தை வாயால் கொடுத்தார்கள், அதுவே பயங்கரமாக இருந்தது.

பெயர் சொல்லக்கூடிய செடி ஒன்று இருந்தது, அதை நிறையச் சொன்னோம். அரண்மனைச் சமையற்காரி இளவரசிக்கு நினைவு திரும்பவேண்டும் என்று விரும்புகிறவள். அவள் காலையில் வல்லாரைச் சம்பல், மத்தியானம் வல்லாரை வறை, இரவில் வல்லாரைச் சாறு என்று கொடுத்துக்கொண்டே இருப்பாள். சோதனை வருகிற மாதம் வீட்டில் வல்லாரை தின்னாத பிள்ளை யாழ்ப்பாணத்தில் எங்கே இருக்கிறது? "பிள்ளை, ஞாபகசக்தி!" என்று சமையற்காரி கிண்ணத்தோடு வரும்போதெல்லாம் கூட்டம் கூரை பறக்கச் சிரித்தது. மறதி மருந்துக்கு மாற்று மருந்து தேடி மலைநாட்டு முனிவரிடமோ ஏழு கடல் தாண்டியோ போகவேண்டியதில்லை. பார்க்கிறவர்களின் அடுப்படியிலேயே அது இருந்தால் அவர்களும் கதைக்குள் வந்துவிடுவார்கள்.

முகத்தை எப்படிக் காட்டுவது என்பதில்தான் அதிக நேரம் போனது. குதிரை முகமூடியை அவளுக்குப் போட்டால் பிள்ளையின் முகபாவம் மறைந்துபோம். கடைசியில் உரைஞர் குழுவில் ஒரு பையனிடம் முகமூடியைக் கொடுத்து, இளவரசிக்குப் பின்னாலேயே நிழலாக நடக்க விட்டோம். சபைக்கு இரண்டு முகமும் தெரியும். அவள் திரும்பிப் பார்ப்பதே இல்லை. திரும்பப்போகிற நேரங்களில் செவிலி செம்போடு குறுக்கே வந்துவிடுவாள்.

இதைவிடப் பெரிய உதவி கூத்திலிருந்து வந்தது. எங்கள் கூத்தில் முன்கதை சொல்ல வேறு உத்தி தேவையில்லை, வரவு இருக்கிறது. பாத்திரம் சபைக்கு வந்ததும் தான் இன்னார், இன்ன நாடு, இன்னாருடைய பிள்ளை என்று தானே பாடும். பிற்பாட்டுக்காரர் அதை வாங்கித் திருப்பிப் பாடுவார்கள். முகத்தை மறந்தவளால் தன் வரவை முழுதாகப் பாடமுடியாதல்லவா? வரவுப் பாட்டில் தன் முகத்தைச் சொல்லும் அடி வரும் இடத்தில் அவள் நிறுத்திவிடுவாள். தாளம் மட்டும் போகும். பிற்பாட்டுக்காரர்கள் வாய் திறந்துவிட்டு அரசனைப் பார்த்து மூடிக்கொள்வார்கள். அந்த வெற்றுத் தாளம் ஒன்று, ஒரு பக்க வசனம் செய்யாததைச் செய்தது. அவள் மறந்திருக்கிறாள், சுற்றியிருப்பவர்கள் எல்லோருக்கும் தெரியும், தெரிந்தும் சொல்லவில்லை. மூன்றும் ஒரே இடத்தில் விளங்கிவிட்டன. கீரிமலையில் நீராடும் காட்சியில்தான் அந்த அடியை அவள் பாடுவாள், பிற்பாட்டும் சேர்ந்து பாடும்.

நினைவு எங்கே திரும்புகிறது என்பதற்கு நான் படித்தது மணிமேகலையிலிருந்து. மணிபல்லவத்தில் பாதபீடிகையைக் கண்டதும் அவளுக்கு முற்பிறப்புத் தெரிகிறது. அவள் இலக்குமியாக இருந்தாள், இராகுலன் அவள் கணவன், அவன் பாம்பின் நஞ்சால் இறந்தான். அந்த இராகுலன்தான் இப்போது உதயகுமாரன் என்பது தெரியும்போது, தன் மனம் ஏன் அவன் பின்னால் போனது என்ற புதிரும் அவிழ்கிறது. மறந்த முன்கதை எழுதுகிறவருக்கு இதைவிடப் பெரிய பாடம் இல்லை. மறைந்திருந்தது வெளிவரும்போது, அதுவரை சபை கண்ட ஒரு நடத்தைக்குக் காரணம் தெரியவேண்டும். ஆபுத்திரன் கதை இன்னும் ஒரு படி மேலே போகிறது. மணிபல்லவத்தில் பட்டினி கிடந்து இறந்த அவன் சாவக நாட்டில் அரசனாகப் பிறக்கிறான். அங்கிருந்து திரும்பி வந்து பீடிகையைக் கண்டு, மணலுக்குள் புதைந்து கிடந்த தன் பழைய எலும்புகளையே காண்கிறான். மணிபல்லவம் இன்றைய நயினாதீவுதான் என்று பலர் கொள்வதால், குறிகாட்டுவானில் வள்ளம் ஏறும்போதெல்லாம் எனக்கு இந்தக் காட்சி நினைவுக்கு வரும். மறதியைப் பற்றி யோசிக்க நாங்கள் தூரம் போகவேண்டியதில்லை. நினைவு திரும்புகிற இடம் ஒன்று எங்கள் கடலுக்குள்ளேயே இருக்கிறது.

மணிமேகலைக்குப் பீடிகை, துஷ்யந்தனுக்கு மோதிரம், அனுமனுக்குச் சாம்பவானின் சொல். எங்கள் இளவரசிக்குக் கீரிமலைத் தண்ணீர். தண்ணீரைக் கண்டு ஒதுங்குகிறவள் தண்ணீருக்குள் இறங்கினால்தான் நோய் தீரும் என்பது கதையிலேயே இருந்தது. குனிந்தால் முகம் தெரியும். தெரிந்ததைத் தாங்கினால் மட்டுமே முழுகலாம். உரைஞர் குழு நீலச்சேலையைப் பிடித்துத் தண்ணீராக நின்றது. அவள் குனிந்தபோது முகமூடிப் பையன் சேலையின் மறுபக்கம் வந்து நிமிர்ந்து பார்த்தான்.

அந்தக் காட்சியின் ஒத்திகையில் முகாமிலிருந்த ஒரு ஆச்சி எங்களைத் திருத்தினார். பெண்களும் ஆண்களும் ஒரே இடத்தில் இறங்குவதாகப் பிள்ளைகள் நடித்தார்கள். "என்ன மோனை இது? அங்க பெண்டுகளுக்கு வேற கேணி எல்லோ!" என்றார். பிறகு கேணியின் படிக்கட்டு, அந்தப் பக்கம் கடல் அடிக்கும் சத்தம், உப்புக் கடலின் ஓரத்தில் வாயில் வைத்தால் உப்பில்லாத தண்ணீர், ஆடி அமாவாசைக்குத் தகப்பனை இழந்தவர்கள் வந்து நிறைவது எல்லாவற்றையும் சொன்னார். பிள்ளைகள் வாய் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இறந்தவர்களை நினைத்து முழுகுகிற இடத்தில்தான் எங்கள் இளவரசிக்கு நினைவு திரும்புகிறது என்பதை அன்றைக்குத்தான் நான் சேர்த்துப் பார்த்தேன். பிரதியில் அந்த ஆச்சி சொன்ன படிக்கட்டும் அலைச் சத்தமும் ஏறின.

முகாமில் நாடகம் முடிந்ததும் பார்த்தவர்களோடு கதைப்பது எங்கள் வழக்கம். ஒரு சின்னப் பெடியன் எழும்பினான். "அந்த மருந்தை எங்கட அம்மம்மாவுக்குக் குடுத்தால் அவ ஊரை நினைச்சு அழமாட்டா, என்ன ரீச்சர்?" என்று கேட்டான். நான் பதில் சொல்லுமுன் அவன் அம்மம்மாவே சொல்லிவிட்டார்: "எனக்கு வேண்டாமப்பு. அழுகிறது எண்டால் அழுதிட்டுப் போறன்."

அடுத்த மேடையேற்றத்துக்கு ஒரு காட்சி கூடியது. நீராடி எழுந்த இளவரசியிடம் செவிலி பழக்கத்தில் செம்பை நீட்டுகிறாள். பட்ட துன்பத்தையெல்லாம் மறந்துவிட்டு அழகியாக வாழலாம். இளவரசி செம்பை வாங்கி மண்ணில் ஊற்றுகிறாள். குதிரை முகம் போனபிறகும் குதிரை முகத்தோடு வாழ்ந்த காலத்தை அவள் கொடுக்க மறுக்கிறாள். கோயில் கட்டுகிற எண்ணம் அதற்குப் பிறகுதான் வருகிறது. மறந்தவளுக்கு நன்றிக்கடன் என்று ஒன்று இருக்க முடியாதே.

மறதி முழுதும் கெட்டது என்று நான் சொல்லவரவில்லை. சைவசமய பாடம் படிப்பித்த மூத்த ஆசிரியர் ஒருவர் நாடகத்தைப் பார்த்துவிட்டு என்னை மறித்தார். "மறைத்தலும் ஐந்தொழிலில் ஒன்றல்லோ, ரீச்சர்? அதை மட்டும் ஏன் பழிக்கிறியள்?" என்றார். சரியான கேள்வி. படைத்தல், காத்தல், அழித்தல், அருளல் என்பவற்றோடு மறைத்தலையும் இறைவனின் தொழிலாகத்தான் நாங்கள் படிக்கிறோம். உயிர் தன் வினையை அனுபவித்துப் பக்குவப்படும் வரைக்கும் மறைப்பு அதற்குத் துணை. வைணவர்கள் இதை எதிர்ப்பக்கத்திலிருந்து சொல்வார்கள். பிறக்கும்போது குழந்தையைத் தொட்டு முன்னறிவை மறைக்கும் சடம் என்ற வாயுவை நம்மாழ்வார் சினந்து விரட்டினார், அதனாலேயே சடகோபர் ஆனார் என்பார்கள். சீனருடைய கதையில் இறந்தவர்கள் மறுபிறவிக்குப் போகுமுன் மெங் போ என்ற கிழவியின் கையால் ஒரு சாறு குடித்து எல்லாவற்றையும் மறக்கவேண்டும். அவள் எல்லோருக்கும் கொடுக்கிறாள், ஒருவருக்கும் பாரபட்சம் இல்லை.

அந்த ஆசிரியரோடு கதைத்ததில் எனக்கு ஒன்று தெளிந்தது. இறைவன் மறைப்பது உயிரின் நன்மைக்காக, பக்குவம் வந்ததும் மறைப்பு நீங்கும். எங்கள் அரசன் மறைப்பது தன் வசதிக்காக, அதற்கு முடிவு நாள் என்று ஒன்றை அவன் நினைத்ததே இல்லை. இரண்டும் ஒரே செம்பில் வந்தாலும் ஒரே மருந்தல்ல. அதனால் செவிலிக்கு ஒரு வரி எழுதிக் கொடுத்தேன். பிள்ளை தாங்கக்கூடிய வயது வந்ததும் நிறுத்திவிடுவேன் என்று அரசனிடம் சொல்வாள். அவன் பேசாமல் போய்விடுவான். அன்பு எந்த இடத்தில் ஆணையாக மாறியது என்று அதற்குப் பிறகு விளக்கவேண்டி இருக்கவில்லை.

இப்போது பட்டறைகளுக்கு வரும் இளையவர்களின் பிரதிகளில் மறதி மருந்து இன்னும் வந்துகொண்டேதான் இருக்கிறது. விபத்து, மந்திரவாதி, விஞ்ஞானியின் ஊசி என்று வேடம் மாறியிருக்கிறது. அவர்களுக்கு நான் சொல்வது இதுதான். மருந்தை எடுக்கச் சொல்லமாட்டேன். ஆனால் அதைக் கொடுத்தவரை ஒரு காட்சியிலாவது சபை முன்னால் கொண்டுவந்து நிறுத்துங்கள். அவர் ஏன் கொடுத்தார், அதனால் யார் நிம்மதியாகத் தூங்கினார்கள் என்று பார்க்கிற பிள்ளை கேட்டால் பதில் இருக்கவேண்டும். குடித்தவரின் உடம்பில் ஒரு மிச்சத்தை முதல் காட்சியிலேயே விட்டுவையுங்கள். இவற்றை எழுத முடியவில்லை என்றால் உங்களுக்குத் தேவைப்பட்டது மருந்தல்ல, பாத்திரத்தின் முன்கதை. உட்கார்ந்து அதை எழுதுங்கள். இடப்பெயர்வையும் காணாமற்போனவர்களையும் வீட்டுக்குள் வைத்துக்கொண்டு வளர்கிற பிள்ளைகளுக்கு நாங்கள் கதை சொல்கிறோம். எல்லாவற்றையும் மறந்ததும் எல்லாம் சரியாகிவிட்டது என்று முடிகிற கதையை அவர்களிடம் கொண்டுபோகாதீர்கள். அவர்கள் நம்பமாட்டார்கள்.